நூற்பட்டியல் பதிவில் பகுப்பு எண் எங்கே, அழைப்பு எண் எங்கே?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு நூலகம் பழைய பதிவேட்டிலிருந்து கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பிற நூலகங்களிலிருந்து இறக்கிய மார்க் பதிவுகளில், அதாவது கணினி படிக்கும் வடிவில் உள்ள நூற்பதிவுகளில், 050, 082 என இரண்டு புலங்களில் (எண்ணிட்ட தகவல் பகுதிகளில்) எண்கள் வருகின்றன. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருப்பதோ வேறொரு எண். இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது? எண்ணைத் திருத்திய பிறகும் திரையில் அலமாரி வரிசை தாறுமாறாக வருவது ஏன்? தமிழ் நூல்களை என்ன செய்வது?

எதையும் அழிக்காதீர்கள். மூன்று எண்களுக்கும் பதிவில் இடம் இருக்கிறது. எந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிந்துகொண்டால் எங்கே இடுவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

பகுப்பு எண் நூலின் பொருளைச் சொல்வது. தமிழ்நாட்டு வரலாறு பற்றிய நூலுக்குத் தூவி (Dewey) தசமப் பகுப்பில் 954.82 என்று எண் கொடுத்தால், அந்த நூல் எந்த நாட்டில், எந்த நூலகத்தில் இருந்தாலும் அந்த எண் அதற்குப் பொருந்தும். அழைப்பு எண், அதாவது நாம் அன்றாடம் ‘கால் நம்பர்’ என்று சொல்வது, அந்த நூலின் இந்தப் பிரதி உங்கள் அலமாரியில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வது. உங்கள் வாசலைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை. ஆகவே பகுப்பு எண்ணின் இடம் நூற்பதிவு. அழைப்பு எண்ணின் இடம் ஒவ்வொரு பிரதிக்கும் உரிய பிரதிப் பதிவு. பட்டியல் வேலையில் நான் கண்ட எண் குழப்பங்களில் பெரும்பாலானவை, இவ்விரண்டையும் ஒரே புலத்தில் திணித்ததால் வந்தவை.

இந்தப் பிரிவினையை மிகத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அவர் கணக்கில் அழைப்பு எண் மூன்று பகுதிகள் கொண்டது: பகுப்பு எண், நூல் எண், தொகுப்பு எண். எந்தப் பொருள் என்பதை முதலாவது சொல்லும். அந்தப் பொருளில் உள்ள பல நூல்களில் இது எது என்பதை இரண்டாவது சொல்லும். நூலகத்தின் எந்தத் தொகுப்பில், அதாவது குறிப்புதவிப் பகுதியிலா, சிறுவர் பகுதியிலா, இரவல் பகுதியிலா என்பதை மூன்றாவது சொல்லும். நீங்கள் கோலன் முறையைப் பின்பற்றாவிட்டாலும் இந்த மூன்று பகுதிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மார்க் புலங்களின் அமைப்பு புரிந்துவிடும்.

இனி புலங்களுக்கு வருவோம். 050 என்பது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பு எண். 080 உலகத் தசமப் பகுப்பு. 082 தூவி. கோலன் உள்ளிட்ட மற்ற முறைகளுக்கு 084. எந்த முறை என்பதை அதன் ‘2’ துணைப்புலத்தில், அதாவது புலத்தின் உட்பகுதியில், குறியீடாக எழுத வேண்டும். 09 என்று தொடங்கும் புலங்கள் உள்ளூர்த் தேவைக்காக விடப்பட்டவை. உங்கள் நூலகம் தூவியைப் பின்பற்றினாலும் 050-ஐ அப்படியே விட்டுவிடுங்கள். அது யாருக்கும் இடைஞ்சல் செய்யாது. பின்னொரு நாள் உங்கள் பதிவை வேறொருவர் இறக்கிக்கொள்ளும்போது அவருக்குப் பயன்படும்.

082-இல் வரும் எண்ணை நம்புவதற்கு முன் அதன் இரண்டு குறிகாட்டிகளையும், அதாவது புலத்தின் தொடக்கத்தில் வரும் ஓரிலக்கக் குறிகளையும், பாருங்கள். முதலாவது 0 என்றால் தூவியின் முழுப் பதிப்பு, 1 என்றால் சுருக்கப் பதிப்பு. இரண்டாவது 0 என்றால் எண்ணைத் தந்தது காங்கிரஸ் நூலகம், 4 என்றால் வேறு நிறுவனம். 082 திரும்ப வரக்கூடிய புலம். இறக்கிய எண் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அதன் மேல் எழுதாமல், இரண்டாவது குறிகாட்டி 4 என்று இட்டுப் புதிதாக ஒரு 082 சேருங்கள். ‘க்யூ’ துணைப்புலத்தில் உங்கள் நிறுவனத்தின் குறியீட்டையும் இடலாம். யார் கொடுத்த எண் எது என்பது பதிவிலேயே இருக்கும்.

அடுத்தது ‘2’ துணைப்புலம். அதில் தூவியின் எத்தனையாவது பதிப்பு என்ற எண் இருக்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் ஒரே பொருள் அலமாரியில் இரண்டாகப் பிரிந்து கிடப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கணினியியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் பதிப்பில் கணினி நூல்களின் இடம் 001.64. 1989-இல் வந்த 20-ஆம் பதிப்பில் அவை 004 முதல் 006 வரையிலான எண்களுக்குப் போய்விட்டன. பழைய பதிவையும் புதிய பதிவையும் பார்க்காமல் இறக்கிக்கொண்டே போனால் நிரலாக்க நூல்களில் பாதி 001.64-இலும் மீதி 005.1-இலும் நிற்கும். தேடி வரும் மாணவர் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘அவ்வளவுதான் இருக்கிறது’ என்று திரும்பிவிடுவார். இன்று நடப்பில் இருப்பது 2011-இல் வந்த 23-ஆம் பதிப்பு. வலைவழித் தூவியில் அது தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. இறக்கும் பதிவில் 19, 20 என்று பழைய பதிப்பெண் கண்ணில் பட்டால் அந்த எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஏற்பது நல்லது.

082-இல் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று சாய்கோடு. இறக்கிய பதிவில் 954/.82 என்று வரும். அந்தச் சாய்கோடு எண்ணின் பகுதி அல்ல. சிறிய நூலகங்கள் எண்ணை எந்த இடத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்று காட்டுவதற்காக இடப்பட்டது. அதை அப்படியே லேபிளில் அச்சிட்ட நூலகங்களைப் பார்த்திருக்கிறேன். வாசகர் 954.82 என்று தேடினால் அந்த நூல் வராமலும் போகலாம். நூற்பதிவில் அது இருந்துவிட்டுப் போகட்டும். அழைப்பு எண்ணுக்கு எடுக்கும்போது கட்டாயம் நீக்க வேண்டும். மற்றொன்று, சிறுவர் கதை நூல்களில் பகுப்பு எண்ணோடு, சதுர அடைப்புக்குள் புனைகதையைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கமும் வருவது. அது மாற்று ஏற்பாடு. மென்பொருள் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக ஒட்டிவிடுகிறதா என்று பாருங்கள்.

எண்ணை எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு வார்த்தை. 500 நூல்கள் உள்ள அலமாரிக்குப் பன்னிரண்டு இலக்க எண் தேவையில்லை. லேபிளில் இடம் போதாது, அடுக்குபவருக்கும் தொல்லை. ஆனால் வெட்டும் இடம் பொருள் தரும் இடமாக இருக்க வேண்டும். மூன்று இலக்கங்களுக்குக் கீழே போகக் கூடாது. புள்ளிக்குப் பிறகு வரும் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாக நிற்கக் கூடாது. பொருள்வாரியாக ஒரு வெட்டும் விதியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குத் தோன்றியபடி வெட்டினால் ஓராண்டில் வரிசை சிதைந்துவிடும்.

இப்போது பிரதிப் பதிவு. மார்க் தரத்தில் இருப்பு விவரத்துக்கு உரியது 852. அதில் ‘எச்’ துணைப்புலம் பகுப்புப் பகுதி, ‘ஐ’ நூல் எண், ‘கே’ முன்னொட்டு, ‘எம்’ பின்னொட்டு, ‘டி’ (t) பிரதி எண். ரங்கநாதன் பிரித்த பகுதிகளே இங்கே துணைப்புலங்களாக நிற்பதைப் பார்க்கலாம். கோஹாவில் இதன் வேலையை 952 செய்கிறது. அதன் ‘ஓ’ துணைப்புலத்தில் முழு அழைப்பு எண், ‘சி’-யில் அலமாரி இருப்பிடம், ‘பி’ (p) என்ற எழுத்தில் பார்கோடு, ‘டி’-யில் (t) பிரதி எண், ‘2’-இல் எந்தப் பகுப்பு முறை என்ற குறியீடு. முதுகில் ஒட்டியிருப்பதும் 952-இன் ‘ஓ’-வில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 082 வேறாக இருக்கலாம். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

புதிய பிரதியைச் சேர்க்கும்போது கோஹா நூற்பதிவிலிருந்து எண்ணைத் தானே எடுத்து ‘ஓ’-வில் நிரப்பித் தரும். எந்தப் புலத்திலிருந்து எடுப்பது என்பதை அமைப்பு விருப்பங்களில் சொல்லலாம்; தூவி நூலகங்களில் வழக்கமாக 082-இன் முதல் இரண்டு துணைப்புலங்கள். இந்த வசதியை நம்பி அப்படியே சேமித்துக்கொண்டு போவதுதான் சிக்கல். காங்கிரஸ் நூலகம் தரும் 082-இல் நூல் எண் பொதுவாக இருப்பதில்லை. விளைவு, தமிழ்ப் புனைகதைகள் அத்தனையும் 894.8113 என்ற ஒரே எண்ணோடு, ஆசிரியர் குறி (நூல் எண்ணாக இடும் ஆசிரியர் பெயரெழுத்துகள்) எதுவும் இல்லாமல் அலமாரியில் போய் விழும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த நிரப்பல் பிரதியைச் சேர்க்கும் அந்த நேரத்தில் மட்டும்தான் நடக்கிறது. பிறகு 082-ஐத் திருத்தினால் பிரதியின் எண் மாறாது. ‘திருத்திய பிறகும் பழைய எண்ணே வருகிறது’ என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் இதுதான். பிரதிப் பதிவைத் தனியாகத் திருத்த வேண்டும். நிறைய இருந்தால் மொத்தமாகப் பிரதிகளை மாற்றும் கருவி இருக்கிறது.

குறிப்புதவி நூல் என்பதைக் காட்டும் முன்னொட்டை எண்ணுக்குள்ளேயே சேர்த்துத் தட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு கலைக்களஞ்சியத்தின் பழைய பதிப்பை இரவல் பகுதிக்கு மாற்றும் நாளில் எண்ணையும் திருத்தி லேபிளையும் மாற்ற வேண்டியிருக்கும். இருப்பிடம் மாறக்கூடியது, அதற்கென்று புலம் இருக்கிறது, அங்கேயே சொல்லிவிடுங்கள். லேபிள் அச்சிடும்போது இருப்பிடக் குறியீட்டை மேல் வரியில் வரும்படி அமைத்துக்கொள்ளலாம். பிரதி எண்ணும் அப்படித்தான். ஆனால் பல தொகுதிகளாக வந்த நூலின் தொகுதி எண் அழைப்பு எண்ணில் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் மூன்றாம் தொகுதி முதல் தொகுதிக்கு முன்னால் நிற்கும். நூல்கள் வந்து சேர்ந்த வரிசையில் எண்ணிடும் சேர்க்கைப் பதிவேட்டின் எண்ணை அழைப்பு எண்ணாக இடுவது அறவே வேண்டாம்.

அடுத்து வரிசை. மனிதக் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் எண், கணினிக்கு வெறும் எழுத்துச் சரம். காங்கிரஸ் நூலக முறையில் கியூஏ 9, கியூஏ 76, கியூஏ 276 என்பதுதான் சரியான வரிசை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் 276 முதலிலும் 9 கடைசியிலும் வரும். அந்த முறையில் வகுப்பின் எண் முழு எண். அதற்குப் பின் வரும் ஆசிரியர் குறியின் எண் தசமம். ஒரே அழைப்பு எண்ணுக்குள் இரண்டு கணக்கு. இதனால்தான் மென்பொருள் நீங்கள் தட்டிய எண்ணை அப்படியே அடுக்காமல், அதிலிருந்து வரிசைக்கென்று மறைவாக வேறொரு சாவியை ஆக்கிக்கொள்கிறது. கோஹாவில் அந்தச் சாவியை உருவாக்கும் விதியைத் தேர்ந்தெடுப்பது, 952-இன் ‘2’-இல் நீங்கள் சொல்லும் பகுப்பு முறை. அந்த இடம் காலியாகவோ தவறாகவோ இருந்தால் சாவியும் தவறலாம். வாசகர் பக்கத்தில் வரும் அலமாரி உலாவல் அந்தச் சாவியை நம்பித்தான் நடக்கிறது. விதியை மாற்றிவிட்டால் மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ள பிரதிகளை மறுபடி சேமித்தால்தான் சாவிகள் புதிதாகும். மொத்தமாக அதைச் செய்யப் பராமரிப்பு நிரல் இருக்கிறது. உங்கள் கணினிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

தூவி எண்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. எக்செல் குறுக்கே வராதவரை. பழைய பதிவேட்டை எக்செல் தாளில் தட்டித்தான் பெரும்பாலானவர்கள் மாற்றுகிறார்கள். 005.133 என்று தட்டியவுடன் அது 5.133 ஆகிறது, 020 என்பது 20 ஆகிறது. ஆயிரக்கணக்கான வரிகளுக்குப் பிறகுதான் யாராவது கவனிப்பார்கள். தட்டத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே கெட்டுவிட்டதென்றால் கலங்க வேண்டாம்: தூவியில் புள்ளிக்கு முன் எப்போதும் மூன்று இலக்கங்கள் என்பதால், குறைவாக உள்ள இடங்களில் முன்னால் பூஜ்ஜியம் சேர்த்து மீட்டுவிடலாம். அதோடு பகுப்பு எண்ணுக்கும் ஆசிரியர் குறிக்கும் நடுவே ஒரே ஓர் இடைவெளி என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோலன் முறை நூலகங்களுக்குச் சிக்கல் ஆழமானது. ரங்கநாதன் நிறுத்தக்குறிகளுக்கு வரிசை மதிப்புக் கொடுத்தார். பொதுவானது முன்னே, குறிப்பானது பின்னே என்ற கொள்கைப்படி, நூல்களைப் பகுப்பது பற்றிய 2:51 என்ற எண், 22 என்று தொடங்கும் எண்களுக்கு முன்னால் வர வேண்டும். கணினியின் எழுத்துக்குறி அட்டவணையிலோ முக்காற்புள்ளி எல்லா இலக்கங்களுக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே 2:51 கடைசியில் போய் நிற்கிறது. காற்புள்ளிக்கும் இதே கதி, எதிர்த் திசையில்: அவர் காற்புள்ளியை முற்றுப்புள்ளி, முக்காற்புள்ளி, அரைப்புள்ளி மூன்றுக்கும் பிறகு வைத்தார், அட்டவணை அதை அவற்றுக்கு முன்னால் வைக்கிறது. பொது வரிசை விதியைப் போட்டுவிட்டு முறை சரியில்லை என்று கைவிடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. குறை முறையில் இல்லை. நிரல் தெரிந்தவர் ஒருவர் உதவினால், ஒவ்வொரு குறிக்கும் சரியான மதிப்புள்ள எழுத்தை மாற்றி வைத்து வரிசைச் சாவி ஆக்கும் சிறு விதியை எழுதிவிடலாம். அது கைகூடும்வரை அலமாரியை ரங்கநாதனின் வரிசையிலேயே வைத்திருங்கள்; திரைக்காக அலமாரியைக் கலைக்காதீர்கள்.

இனி தமிழ் நூல்கள். 894.8113 என்ற எண்ணில் நூற்றுக்கணக்கான நாவல்கள் நிற்கும்போது, வாசகருக்கு நூலைக் கண்டுபிடித்துக் கொடுப்பது நூல் எண்தான். ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை எடுப்பது பொது வழக்கம். அதில் முதல் கேள்வி, எந்தப் பெயர்? ஒரே ஆசிரியர் ஓர் அட்டையில் இராமநாதன், மற்றோர் அட்டையில் ராமநாதன் என்றிருந்தால் அவருடைய நூல்கள் இரண்டு இடங்களுக்குப் போய்விடும். முன்னெழுத்தையும் சேர்த்து எடுத்தால் மூன்றாவது இடம். குறியை அட்டையிலிருந்து எடுக்காதீர்கள். முதலில் 100-ஆம் புலத்தில் ஆசிரியர் பெயரின் நிலையான வடிவத்தை முடிவு செய்யுங்கள். குறியை அதிலிருந்து மட்டுமே எடுங்கள்.

இரண்டாவது, எழுத்து என்றால் கணினிக்கு எது? முத்து என்ற பெயரில் நமக்கு மூன்று எழுத்துகள்: மு, த், து. ஒருங்குறியில் (யூனிகோடில்) அது ஆறு குறியெண்கள். ‘முதல் மூன்றை எடு’ என்று எக்செலில் சூத்திரம் எழுதினால் ம, உகரக் குறி, த ஆகிய மூன்றும் சேர்ந்து ‘முத’ என்று வரும். த் தன் புள்ளியை இழந்துவிடும். கையால் எழுதிய பழைய லேபிளில் ‘முத்’ என்றிருக்கும். இரண்டும் பொருந்தாது. ஓகாரம் இன்னும் தந்திரமானது. ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. தரவை உள்ளே ஏற்றும் முன் எல்லாவற்றையும் ஒரே சேர்க்கை வடிவத்துக்கு இயல்பாக்கிவிட வேண்டும். ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

மூன்றாவது, அகரவரிசை. கவிதை, கழகம், களம் என்ற மூன்று சொற்களை நாம் அடுக்கினால் இதே வரிசையில்தான் வரும்: வ, ழ, ள. ஒருங்குறியின் குறியெண் வரிசையில் இந்த மூன்றும் நேர்த் தலைகீழ்: ள, ழ, வ. னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும். றகரம் ரகரத்துக்கு அடுத்தபடியே இருக்கும். புள்ளியெழுத்தும் இடம் மாறும்: நம் அகராதிகளில் ‘அக்கம்’ முன்னே, ‘அகம்’ பின்னே, குறியெண் வரிசையில் நேர்மாறு. உங்கள் மென்பொருள் தமிழ் வரிசை அறிந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, இந்தச் சொற்களைக் குறியாகக் கொண்ட சோதனைப் பிரதிகளை ஒரே பகுப்பு எண்ணில் ஏற்றிப் பார்ப்பதுதான். தலைகீழாக வந்தால் தரவுத்தள வரிசை அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். ரோமன் எழுத்தில் குறி இடுவது தப்பிக்கும் வழியாகத் தோன்றும். ஆனால் ல, ள இரண்டும் அங்கே ஒன்றாகிவிடும். தமிழ் நூலின் முதுகில் தமிழ் எழுத்தே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. அலமாரியின் முன் நிற்கும் வாசகர் ஆசிரியரைத் தமிழில்தான் தேடுகிறார்.

கடைசியாக, எண்ணை மாற்றும் முறை. பதிவைத் திருத்திவிட்டு லேபிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் விடாதீர்கள். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் புத்தகம் தொலைந்ததாகவே ஆகிவிடும். முதலில் நூலைக் கையில் எடுங்கள். எல்லாப் பிரதிகளும் கைக்கு வந்துவிட்டனவா என்று பதிவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இரவலில் இருக்கும் பிரதிக்குத் திரும்பி வரும்போது நிறுத்தி வைக்கும்படி குறிப்பு இடுங்கள். கையில் உள்ளவற்றின் பிரதிப் பதிவைத் திருத்தி, உடனே லேபிளை அச்சிட்டு ஒட்டி, புதிய இடத்தில் அடுக்குங்கள். பழைய எண்ணைத் தூக்கி எறியாமல் 952-இன் ‘எக்ஸ்’ துணைப்புலத்தில், பணியாளர் மட்டும் பார்க்கும் குறிப்பாக வைத்துவிடுங்கள். பழைய பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருப்புச் சரிபார்க்க வருபவருக்கு அந்த ஒரு வரி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.